கெல்லவே கேட்டது ஒரு நீதிபதியை

நிற்கக்கூட இடமில்லாமல் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் வில்லோபார் ஊராரே! ஜெபத்தை முடித்து அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே! நொறுங்குகிற பனியின் மேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழாற்றிலிருந்து நாய்வண்டியில் வந்து சேர்ந்த கிராமத் தலைவர் சைலஸ் அவர்களே! தந்தி நிலையத்து சார்ஜண்ட் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இதோ, இந்தப் பெட்டிக்குள் படுத்திருக்கும் செனட்டர் அம்ப்ரோஸ் கெல்லவே அவர்களுக்கும் என் வணக்கம். ஒரு கூட்டத்தில் இவ்வளவு நேரம் அவர் வாயை மூடிக்கொண்டு இருப்பது இதுதான் முதல் தடவை.

நான் டெல்ஃபின் ரூக். இந்த ஊர் மன்றத்தின் தலைவி என்ற முறையில் பேசுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியும். என் வழிச்சத்திரத்துச் சாப்பாட்டைத் திட்டாதவர் இங்கே எவரும் இல்லை. தின்னாதவரும் இல்லை.

முதலில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது. செனட்டரைச் சுட்டவன், வில்யோ லாக்சோ, தெருவுக்கு அந்தப் பக்கம் என் கிடங்கில் அடைபட்டிருக்கிறான். அவனைக் கைதியாகக் கொண்டுபோக வேண்டிய மார்ஷல் மேலாற்றில் மாட்டிக்கொண்டார். ஆற்றின் மேல் போகும் பனித்தடம் இளகிவிட்டது, நடந்தும் வர முடியாது. பனி உடைந்து ஆறு இன்னும் திறக்கவில்லை, படகிலும் வர முடியாது. இந்த இரங்கல் கூட்டம் முடிந்த கையோடு இதே மண்டபத்தில் பழைய வழக்கப்படி சுரங்கக்காரர் கூட்டம் நடக்கும் என்று ஹைரம் ஸ்டோக்ஸ் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார். எதற்காகக் கூட்டம்? எனக்குத் தெரியாதா? கை தூக்கச் சொல்வதற்கு! தூக்கிய கைகளைப் பார்த்துவிட்டு, அந்தப் பையனை என் கிடங்கு உத்தரத்திலேயே தொங்கவிடுவதற்கு!

முகத்தைத் திருப்பாதீர்கள், ஸ்டோக்ஸ். நான் பேசி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அது இறந்தவருக்கு நீங்கள் தரும் மரியாதை. நான் இன்று பேச வந்திருப்பது அவரைப் புகழ மட்டும் அல்ல.

புகழ்வதற்கு என்ன குறைச்சல்? செனட்டர் கெல்லவே! வில்லோபாரின் முதல் மேயர் கெல்லவே! தலைநகர் ஜூனோ சட்டசபையில் அவர் எழுந்து நின்றால் கவர்னரே பேனாவைக் கீழே வைப்பார் என்பார்களே, அந்தக் கெல்லவே! அவர் எப்படி இந்த ஊருக்கு வந்தார் என்று இளையவர்களுக்குத் தெரியுமா? தங்க வேட்டைக்கு ஊரே கிளம்பி வந்த அந்த இலையுதிர் காலத்தில், தன் சறுக்குவண்டியைத் தானே தோளில் கயிறு மாட்டி இழுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். கிழிந்த செருப்பைச் சாக்குத் துணியால் கட்டியிருந்தார்.

"நாய் எங்கய்யா?" என்று கேட்டேன்.

"தின்னுட்டேம்மா," என்றார். "நல்ல நாய். கொஞ்சம் நார்க்கறி."

"கையில காசு ஏதாவது இருக்கா?"

"கைதான் இருக்கு. பாத்திரம் கழுவுவேன்."

ஆக, கவர்னரை நடுங்க வைத்த அந்தக் கை முதலில் என் எண்ணெய்ச் சட்டிகளைத் தேய்த்தது. தேய்க்கும்போதும் வாய் ஓயாது. சாப்பிட வந்தவர்கள் அவர் பேச்சைக் கேட்பதற்காகவே இன்னொரு கோப்பை காபி கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவர். தகப்பன் யார் என்று தெரியாதவர். ஏழு வயதில் தகரச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். எழுத்துக் கூட்டிப் படிக்க இங்கேதான் கற்றுக்கொண்டார், என் மாவு மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்ததை வைத்து!

அந்த ஆண்டு ஆறு முன்னதாகவே உறைந்தது. சாமான் ஏற்றி வந்த படகுகள் பாதி வழியில் பனிக்குள் சிக்கிக்கொண்டன. ஊரில் பட்டினி. அவனவன் தன் மூட்டைமேல் படுத்துத் தூங்கினான், பக்கத்தில் துப்பாக்கியோடு. ஒரு நாள் கெல்லவே ஈரக் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்து பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"ஏம்ப்பா, மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே எல்லாரும் செத்துப்போனா, வசந்தத்துல அந்த மூட்டையை யாரு தின்னுவா? கரடிதான! கரடிக்கா இத்தனை பேரு காவல் காக்குறீங்க?"

சிரித்தார்கள். சிரித்த வாயோடு மூட்டைகளைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் போட்டார்கள். அளந்து பங்கு வைக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார்கள். அன்றைக்கே அவரைச் சுரங்கக்காரர் கூட்டத்தின் தலைவராகவும் ஆக்கினார்கள். நேற்றுவரை தட்டுக் கழுவியவர்! இந்த ஊரில் அவருடைய அரசியல் அந்தப் பெஞ்சிலிருந்துதான் தொடங்கியது. இந்த இடத்திலேயே நான் நிறுத்திவிட்டால் இது நல்ல இரங்கல் உரையாக இருக்கும். போதகரும் அதைத்தான் விரும்புவார்.

ஆனால் அந்தக் குளிர்காலம் அதோடு முடியவில்லையே!

எய்னோ லாக்சோ என்றொருவர் இருந்தார். பின்லாந்துக்காரர். அதிர்ந்து பேசாதவர். நம் மொழியும் அவ்வளவாக வராது. ஒரு நாள் பனிப்புயலில் வழி தவறி, ஸ்டோக்ஸ் அவர்களின் மேலாற்றுக் குடிலுக்குள் புகுந்து உயிர் பிழைத்தார். ஸ்டோக்ஸ் அப்போது அங்கே இல்லை. லாக்சோ அடுப்பு மூட்டினார், சமைத்தார், போகும்போது வழிக்குக் கொஞ்சம் மாவும் உப்புப் பன்றிக்கறியும் எடுத்துக்கொண்டார். இதில் தவறு உண்டா? இந்த வடக்கில் எந்தக் குடிலுக்காவது பூட்டு உண்டா? பசித்தவன் நுழையலாம், தின்னலாம், எடுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் வழியில் சந்திக்கும் முதல் மனிதனிடம், 'இன்னார் குடிலில் இதை எடுத்தேன்' என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் அது கடன். சொல்லாவிட்டால் திருட்டு. பட்டினிக் குளிரில் திருட்டு என்றால் கொலைக்குச் சமம். இது நம் சட்டம். எழுதாத சட்டம். எல்லோரும் உயிர் பிழைத்தது இதனால்தான்.

ஸ்டோக்ஸ் திரும்பி வந்தார், குடில் காலி. தடம் பார்த்துப் போய் லாக்சோவைப் பிடித்தார். பையில் கறி இருந்தது. இழுத்து வந்து என் சத்திரத்தில் நிறுத்தினார். கூட்டம் கூடியது. தலைவர் நாற்காலியில் கெல்லவே.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன்," என்றார் லாக்சோ. "தபால்காரன். டோலன். ஆத்துல பாத்தேன். சொன்னேன்."

"டோலன் எங்க? ஊருக்கு வந்தே சேரலையே!" என்று ஸ்டோக்ஸ் குதித்தார். "பனிக்குள்ள போயி செத்துப்போனவனைச் சாட்சிக்குக் கூப்பிடறான் பாரு! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன கெட்டிக்காரத்தனம்!"

சத்திரமே சிரித்தது. ஆமாம், சிரித்தது. நான் அடுப்பருகில் நின்று கேட்டேன்.

"டோலன் செத்துட்டான்னு யாருக்குத் தெரியும்? ஆறு திறக்கட்டும், கீழேயிருந்து சேதி வரட்டும்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"அதுவரைக்கும் இவனுக்குச் சோறு? உன் பங்குலருந்து குடுப்பியா?" என்றார் ஸ்டோக்ஸ்.

"நான் போடறேன்," என்றேன்.

"ஏம்மா ரூக்கு, இது ஆம்பளைங்க கூட்டம். நீ அடுப்பைப் பாரு."

பெண்ணுக்கு அன்று ஓட்டு இல்லை, ஊராரே. கூட்டத்தில் தூக்க எனக்குக் கை இல்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிமிர்ந்து நின்று பேசுகிறேன். கெல்லவே என்னைப் பார்த்தார், பங்கு வைத்த மூட்டைகளைப் பார்த்தார். அந்த மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன; அது அவருக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். "சரி," என்றார். "ஊரைவிட்டு அனுப்பறதுக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க."

எத்தனை கை எழுந்தது என்று கேட்காதீர்கள். எழாத கை எது என்று கேளுங்கள். அன்று அங்கே இருந்தவர்கள் சிலர் இன்றும் இந்த வரிசைகளில் இருக்கிறீர்கள். உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன். உங்களுக்கே தெரியும்.

கீழாற்றுக் கிராமம்வரை நடந்து போ என்று ஒரு கம்பளியும் கொஞ்சம் ரொட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். எச்சில் துப்பினால் விழுவதற்குள் உறையும் குளிர் அது! 'நாங்க கொல்லல, அனுப்பிச்சோம்' என்று எவ்வளவு நிம்மதியாகச் சொல்லிக்கொண்டார்கள்! சைலஸ் அவர்களின் மக்கள்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். ஆற்றங்கரையில் குந்தியபடியே உறைந்திருந்தார். முன்னால் சுள்ளி அடுக்கியிருந்தது. பற்றவைக்க விரல் மடங்கவில்லை.

ஊர் என்ன சொன்னது? 'கெல்லவே கண்டிப்பான ஆளு! கெல்லவே இருந்தா ஒழுங்கு இருக்கும்!' அந்தக் குளிர்காலத்திலேயே அவரை ஊர்ப் பதிவாளராகவும் ஆக்கினார்கள். கேளுங்கள், இளையவர்களே! உங்கள் செனட்டர் ஏறிய முதல் படி கரடிக் கதை சொன்ன பெஞ்சு. இரண்டாவது படி எய்னோ லாக்சோ.

வசந்தம் வந்தது. ஆறு திறந்தது. முதல் படகிலிருந்து இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு இறங்கியவர் யார்? தபால்காரர் டோலன்! கால்விரல்களைக் குளிர் தின்றிருந்தது, ஆள் உயிரோடு இருந்தார். கீழாற்றில் ஏதோ குடும்பம் குளிர்காலம் முழுக்க அவரைப் படுக்கவைத்துக் காப்பாற்றியிருக்கிறது. என் மேசையில் வந்து உட்கார்ந்தார். எதிரே கெல்லவே பீன்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"எங்க அந்தப் பின்லாந்துக்காரன்?" என்று டோலன் கேட்டார். "ஸ்டோக்ஸ்கிட்டச் சொல்லச் சொல்லி என்கிட்ட ஒண்ணு சொல்லிவிட்டான். நான்தான் வந்து சேரல. மாவும் கொஞ்சம் கறியும் எடுத்தானாம். திருப்பிக் குடுத்துருவானாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவை சொன்னான், மறந்துராதன்னு."

கெல்லவே கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போனார். வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டு போனேன், வாங்கவில்லை.

அன்றே கூட்டத்தைக் கூட்டிச் சொன்னார். "நாம ஒரு குத்தமும் செய்யாதவனைக் கொன்னிருக்கோம். அவன் நம்ம சட்டத்தைக் காப்பாத்தினான். நாமதான் உடைச்சோம். கைதூக்கச் சொன்னது நான்." ஸ்டோக்ஸ், நீங்கள் அப்போது என்ன சொன்னீர்கள்? "போனது போச்சு, அம்ப்ரோஸ். இதை எதுக்குக் கிளர்றே? ஊர் பேரு கெட்டுப்போகும்." ஊர்ப் பெயர்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் பாவமும் ஒரே இடத்தில் இருந்தன, இந்த ஊரில். அதைத்தான் மூடி மறைக்கச் சொன்னீர்கள்.

அவர் மூடவில்லை. அம்ப்ரோஸ் கெல்லவேயிடம் நான் மதித்தது அதைத்தான். மேயர் தேர்தலில் நின்றார், மேடையில் லாக்சோ கதையைச் சொன்னார். சட்டசபைக்கு நின்றார், ஒவ்வொரு முகாமிலும் சொன்னார். நாய்வண்டியில் முகாம் முகாமாகப் போவார். போய் இறங்கியதும் ஓட்டுக் கேட்கமாட்டார். அங்குள்ள சமையற்காரனின் பாத்திரங்களைத் தேய்ப்பார். ஆட்கள் சேர்ந்த பிறகு பேசுவார். கேட்டது ஒன்றே ஒன்று. ரோடு அல்ல, தந்திக்கம்பி அல்ல. ஒரு நீதிபதி! ஆற்றில் படகில் வந்து, துறை துறையாக இறங்கி, சாட்சியைக் கேட்டு, காத்திருந்து தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிபதி!

ஒரு முகாமில் எதிர்க்கட்சி ஆள் ஒருவன் எழுந்து, "கொலைகாரன் கெல்லவே! நீ எங்களுக்குச் சட்டம் சொல்ல வந்துட்டியா?" என்று கத்தினான்.

"ஆமாண்டா, கொலைகாரன்தான்," என்றார் இவர். "அதனாலதான் ஜட்ஜைக் கேக்கறேன். உன்னை மாதிரி யோக்கியன் கேக்கமாட்டான், அவனுக்குத் தேவை வராது. உக்காரு."

சட்டசபைக்கு நின்ற முதல் தேர்தலில் தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். மூன்றாவதில் ஜெயித்தார். ஜெயித்த பிறகு? அவரை முழுக்க முழுக்க நல்லவர் என்று சொல்லி நான் அவமானப்படுத்த மாட்டேன். ஜூனோவில் நீதிபதிப் படகுக்கு ஓட்டுப் போதவில்லை. கடலோர டப்பா மீன் கம்பெனிக்காரர்களிடம் பேரம் பேசினார். ஆறு கடலில் சேரும் இடத்தில், ஏறிவரும் மீனையெல்லாம் மடக்கும் பொறிவலை போட அவர்களுக்கு இவர் ஓட்டு, படகுக்கு அவர்கள் ஆட்களின் ஓட்டு. படகு வந்தது. மீன் வரவில்லை. சைலஸ் அவர்களின் கிராமத்தில் இரண்டு குளிர்காலம் நாய்களுக்குக்கூடத் தீனி இல்லை. சைலஸ் அவர்கள் என் சத்திரத்துக்கே வந்து இவரிடம் கேட்டார்.

"எங்க மீனை வித்து உங்க ஜட்ஜை வாங்கினீங்களா, செனட்டரே?"

"ஆமா, தலைவரே," என்றார் கெல்லவே. "வித்தேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு அந்தப் பொறிவலையை எடுக்கச் சொல்லி வருஷா வருஷம் சண்டை போட்டார். எடுக்கவைக்க முடியவில்லை. அந்த வேலை இன்னும் முடியாமல் கிடக்கிறது. அப்படியிருந்தும் சைலஸ் அவர்கள் இந்தப் பனியில் வந்து இங்கே அமர்ந்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் வந்திருப்போம்?

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். குறுக்கே பேசாதீர்கள், எனக்கே நாக்கு வறள்கிறது.

போன கோடையில் கடலோரப் பட்டணத்தில் செனட்டர் மேடையில் பேசியபோது, வழக்கம்போல லாக்சோ கதையைச் சொன்னார். மீன் வெட்டும் வேலைக்கு வந்த ஒரு பையன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டான். தகப்பன் பெயரை அந்தப் பையன் முதன்முதலில் இந்த நாட்டில் கேட்டது, தகப்பனை அனுப்பியவர் வாயிலிருந்து! அப்பா தங்கம் எடுக்கப் போனார், குளிரில் இறந்தார், அவ்வளவுதான் அவன் அம்மா அவனுக்குச் சொன்னது. அவள் அறிந்ததும் அவ்வளவுதான். பனி இறுகியதும் நடக்கத் தொடங்கி இங்கே வந்து சேர்ந்தான். நானே அவனுக்குக் கஞ்சி ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம் கிடைக்குமாம்மா?" என்று பணிவாகக் கேட்டான். இன்னும் ஊற்றினேன்.

செனட்டர் காபி குடிக்க வந்தார்.

"நீங்கதானா கெல்லவே?"

"நான்தான் தம்பி. என்ன வேணும்? ரோடா, வேலையா?"

"நான் லாக்சோ பையன்."

செனட்டர் தொப்பியைக் கழற்றினார். "உக்காரு," என்றார். "மேடையில பாதிதான் சொல்ல முடியும். முழுசாக் கேளு." முழுவதையும் சொன்னார். சட்டம், சாட்சி, சிரிப்பு, கம்பளி, சுள்ளி, எல்லாம். தன்னைக் காப்பாற்றும்படி ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. பையன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் நிமிர்ந்தான்.

"அப்புறம் உங்களை யாரும் ஒண்ணும் பண்ணலையா?"

"இல்ல."

"செனட்டர் ஆக்கினாங்க."

"ஆமா," என்றார் கெல்லவே.

அவன் சுட்டான். நான் காபிச் சட்டியோடு நின்றிருந்தேன். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நின்றிருந்தேன், அப்படியிருந்தும் தடுக்க முடியவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். "முதல் ஆள்கிட்டச் சொல்லணும்னு அவரு சொன்னாரே," என்றான். "உங்ககிட்டச் சொல்றேன். நான்தான் சுட்டேன்." ஓடவில்லை. ஓட எங்கே இடம்?

எனக்கு அவன்மேல் இரக்கம் இருக்கிறதா? இல்லை! இல்லவே இல்லை! அவனை நினைத்தாலே வயிறு எரிகிறது. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக என் மேசையில் தின்ற மனிதர், என்னோடு சண்டை போட்ட மனிதர், நான் ஊர் மன்றத்துக்கு நின்றபோது எனக்காக வீடு வீடாகப் போன மனிதர், என் மடியில் தலை வைத்துச் செத்தார். அவர் சாகும்போது ஏதோ மன்னித்தார், ஆசீர்வதித்தார் என்று நினைக்கிறீர்களா? போதகரும் அப்படித்தான் ஜெபத்தில் சொன்னார். போதகரே, நீங்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

"டெல்ஃபின்," என்றார், "தூக்குலதான் போடுவாங்க அவனை. போடட்டும். ஆனா ஜட்ஜ் போடட்டும். நம்ம ஆளுங்க கையைத் தூக்க விட்டுராத." மூச்சு வாங்கினார். "ஸ்டோக்ஸ் கூட்டம் கூட்டுவான் பாரு. விட்டுராத."

அதுதான் செனட்டர் அம்ப்ரோஸ் கெல்லவேயின் கடைசிப் பேச்சு. அவர் பேச்சிலேயே சின்னது.

இப்போது சொல்லுங்கள் ஊராரே! யாருக்காக நீங்கள் கூட்டம் போடப் போகிறீர்கள்? கெல்லவேக்காகவா? அவர் வேண்டாம் என்று சொல்லிச் செத்ததை, அவர் பெயரைச் சொல்லியே செய்யப் போகிறீர்களா? 'பையன் ஒப்புக்கொண்டானே, இதில் என்ன சாட்சி வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும்?' என்று என் காதுபடவே கேட்டீர்கள். அன்றைக்கும் இதே மாதிரிதான் எல்லாம் தெளிவாக இருந்தது! பையில் கறி இருந்தது, சாட்சி இல்லை, ஊருக்குச் சந்தேகமே இல்லை! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. லாக்சோ குடும்பத்தில் தகப்பனைக் கை தூக்கிக் கொன்றாயிற்று. மகனையும் கை தூக்கித்தான் கொல்லப் போகிறோமா? அவனுக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை இருந்தால்? அது எந்த வருஷம் இந்தப் படியேறி வரும்?

அவனுக்குச் சோறு யார் போடுவது என்று இன்றும் யாராவது கேட்பீர்கள். நான் போடுகிறேன். அன்றும் அதைத்தான் சொன்னேன். இன்று எனக்கு ஓட்டு இருக்கிறது, மன்றத்தின் முத்திரை இருக்கிறது, கிடங்குச் சாவி இருக்கிறது, இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருக்கிறது. ஆறு திறக்கும்வரை அந்தக் கதவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நான் வெறுக்கிற ஒருவனுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பேன். சார்ஜண்ட் அவர்கள் என்னோடு மாறி மாறி இருப்பதாக வாக்களித்திருக்கிறார். ஏற்கெனவே தந்தி போயிற்று. முதல் படகில் நீதிபதி வருகிறார். அது கெல்லவே தோற்றுத் தோற்றுக் கேட்டு, பாவம் செய்து வாங்கித் தந்த படகு. அந்தப் படகு நம் துறையில் நிற்கும்போது, விசாரிக்க இங்கே ஒருவன் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் எதற்கு அந்தப் படகு? எதற்கு அந்த மனிதர்?

இந்த மேடையில் நின்று நான் உறுதி சொல்கிறேன். செனட்டர் தொடங்கிய வேலையை வில்லோபார் தொடரும். நீதிபதிப் படகு ஒவ்வொரு கோடையும் இந்தத் துறைக்கு வரும். பொறிவலையை எடுக்கும்வரை சைலஸ் அவர்களோடு நின்று நான் ஜூனோவுக்கு எழுதுவேன், போவேன், கத்துவேன். இந்த ஊரில் இனிமேல் கை எழும்பி ஒரு உயிர் போகாது. இதற்கு நான் உங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. யாரும் கை தூக்க வேண்டாம். தயவுசெய்து தூக்காதீர்கள்.

அவ்வளவுதான் என் பேச்சு. இதற்கு அடுத்து இந்த மண்டபத்தில் வேறு கூட்டம் கிடையாது. நாள் முழுக்க நெருப்பு மூட்டி இளக்கிய குழி, நாம் இங்கே பேசப் பேச உறைந்துகொண்டிருக்கிறது. பெட்டியைத் தூக்குங்கள். ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடியுங்கள், கனமான மனிதர்.

ஹைரம், நீ தலைமாட்டுப் பக்கம் வா. ஆமாம், நீதான். அன்றும் அவர் பக்கத்தில் நின்றவன் நீ, இன்றும் நில். உள்ளே வரும்போதே பார்த்தேன், உன் மேல்கோட்டுக்குள் கயிறு சுருட்டி வைத்திருக்கிறாய். பெட்டியைக் குழிக்குள் இறக்க நல்ல கயிறு வேண்டும். எடு. கொடு இங்கே.